பிஸ்கட் ரின்னுக்குள் ஏழு கடிதங்கள்

கலிஸ்ரா துணுக்காயில் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று கிழமையும் அவளுடைய கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு ஆடுதான். அதுவும் சுவரில் கட்டிய கிடுகு ஓலையைத் தின்ன வந்த ஆடு.

குறை சொல்ல முடியாதபடி எல்லாம் ஆயத்தமாகத்தான் வைத்திருந்தாள். ‘உளவளத்துணை நிலையம்’ என்று நீல மையால் எழுதிய பலகை வேப்பமரத்தில் தொங்கியது. உள்ளே இரண்டு கதிரைகள், சற்றுச் சரித்துப் போட்டபடி. நேருக்கு நேர் போட்டால் வருகிறவர் மிரண்டுவிடுவார் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர், அழுதால் துடைக்க ஒரு துண்டு. இரண்டாயிரமாம் ஆண்டு அது. வன்னியில் இருந்த சனத்தில் பாதி எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்த சனம். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த கலிஸ்ராவும் அப்படி வந்தவள்தான். அழுவதற்குக் காரணம் இல்லாத ஆள் ஊரில் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருவரும் வரவில்லை.

பலகை சனத்துக்கு விளங்காமல் போகவில்லை. மனக்கவலைக்கு ஆலோசனை சொல்லும் இடம் என்று நன்றாக விளங்கிவிட்டது, அதுதான் வினை. அந்தக் கொட்டிலுக்குள் கால் வைத்தால் விசர் என்று பெயர் விழும். பெயர் விழுந்த வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் கலியாணம் பேச ஒருவரும் வரமாட்டார்கள்.

நாலாம் கிழமை ஒரு வயதான மனிதர் வந்து, பிரான்சில் இருக்கும் மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். ‘நாங்கள் நல்ல சுகம், நீயும் சுகமாய் இருக்க வேண்டும்’ என்று இரண்டு வரி சொன்னார். பிறகு பேச்சு நின்றது. பிறகு அழுதார். பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார். தாளில் அந்த இரண்டு வரிக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. எழும்பும்போது, “அருமையான கடிதம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலிஸ்ரா மடைச்சி இல்லை. அடுத்த நாள் காலை பலகையைப் பின்பக்கம் திருப்பி, ‘கடிதம் எழுதிக் கொடுக்கப்படும்’ என்று எழுதிக் கட்டினாள். பத்து நாளில் வேப்பமரத்தடியில் சைக்கிள்கள் வரிசையில் நின்றன.

அப்படிக் கடிதச் சாட்டோடு வந்தவர்களில் ஒருத்திதான் கமலாசனி. ஐம்பத்தைந்து வயது. முரசுமோட்டையில் சொந்த வயலும் கல்வீடும் விட்டுவிட்டு வந்து, இப்போது துணுக்காயில் யாருடைய காணியிலோ குடிசை போட்டிருக்கிறவள். உள்ளங்கை எரிகிறது, உள்ளங்கால் எரிகிறது, தலைக்குள் வண்டு குடைகிறது, இரண்டு வருசமாக நித்திரை இல்லை. டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கலிஸ்ரா படித்தபடியே செய்தாள். குறுக்கே பேசவில்லை. புத்தி சொல்லவில்லை. கமலாசனி சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டி “ம்” என்றாள். முதல் நாள் “ம்”. இரண்டாம் நாளும் “ம்”. மூன்றாம் நாள் கமலாசனி கதையை நிற்பாட்டிவிட்டு அவளைக் கவலையோடு பார்த்தாள்.

“பிள்ளை, உமக்குத் தொண்டையிலை ஏதும் வருத்தமோ?”

“இல்லையம்மா. நான் நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

“அதுக்குச் சம்பளமும் தருகினமோ?”

“ம்” என்றாள் கலிஸ்ரா. வேறு என்ன சொல்வது?

நாலாம் நாள்தான் உண்மை வெளியே வந்தது. கமலாசனியின் தாய் வவுனியாவில் மூத்த மகள் இலட்சுமியோடு இருந்தவள். இரண்டு வருசத்துக்கு முன் வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். இலட்சுமி தங்கைக்கு ஒரு வரிகூட அறிவிக்கவில்லை. முப்பத்திரண்டாம் நாள் வவுனியாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி, “உங்கடை அம்மான்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனனான், நல்ல சாப்பாடு” என்று போகிற போக்கில் சொல்லித்தான் கமலாசனிக்குத் தாய் செத்ததே தெரியும். அதற்குப் பிறகும் அக்காவும் தங்கையும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். நலம், நலமறிய ஆவல், மழை இல்லை. இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே கலிஸ்ராவிடம் ஒரு வித்தை இருந்தது. அனுப்பாத கடிதம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் கடிதமாக எழுத வேண்டும், உரத்து வாசிக்க வேண்டும், பிறகு கிழிக்கவோ எரிக்கவோ வேண்டும். கிழிக்கத்தான் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒரு கொப்பிக்கு அலைகிற காலத்தில் எழுதின தாளை யார் கிழிப்பார்கள்? அதனால் கலிஸ்ரா அவற்றை ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடிவைத்தாள். வின்சன் என்கிற மீன்பிடிகாரன் மிதிவெடியில் போன தன் வலது காலுக்கு எழுதிய கடிதம் அதற்குள் இருந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு ஒருத்தி எழுதிய கண்டனக் கடிதமும் இருந்தது. மொத்தம் ஆறு.

“அன்புள்ள அக்காவுக்கு எண்டு தொடங்கட்டோ?” என்று கேட்டாள் கலிஸ்ரா.

“அன்புள்ள வேண்டாம். அக்காவுக்கு எண்டு மட்டும் எழுதும்.”

பிறகு தொடங்கியது பாருங்கள். சின்ன வயதில் கோயில் திருவிழாவுக்குத் தைத்த தன்னுடைய சிவப்புப் பாவாடையை அக்கா களவாக உடுத்திக்கொண்டு போய்ச் சேறாக்கியது. தன் கலியாணத்தன்று, பொம்பிளையான தன்னைவிட நல்ல சீலை உடுத்திக்கொண்டு வந்து நின்றது. முரசுமோட்டையைக் காடு என்றும், தங்கச்சியை யானை மிதிக்கப் போகிறது என்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது. அக்கா வைக்கிற குழம்பில் என்றைக்கும் உப்பு இல்லாதது. கலிஸ்ராவின் கை கடுத்தது. நாலாவது பக்கத்தில் கமலாசனி திடீரென்று நின்றுவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

“அம்மா சாகக் கிடந்ததை எனக்கு ஏன் சொல்லேல்லை?”

பேனை நின்றது.

“அதுதான் பிள்ளை. அதை மட்டும் எழுதும். மற்றதெல்லாத்தையும் வெட்டும்.” பிறகு யோசித்தாள். “பாவாடையை மட்டும் விடும். அது இருக்கட்டும்.”

மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினாள். வெறும் உறையாக ரின்னுக்குள் போடப் போன கலிஸ்ராவின் கையைப் பிடித்து மறித்தாள்.

“விலாசம் எழுதும். விலாசம் இல்லாட்டில் அது மொட்டைக் கடிதம். நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.”

மற்ற ஆறு பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். கலிஸ்ரா அக்காவின் வவுனியா, வைரவபுளியங்குளத்து விலாசத்தை வடிவாக எழுதினாள்.

“அம்மா, இது போகாது எண்டு தெரியும்தானே?”

“தெரியும் பிள்ளை” என்றாள் கமலாசனி, ரின்னைப் பார்த்தபடி.

அது செவ்வாய்க்கிழமை. அடுத்த செவ்வாய் கமலாசனி வரவில்லை. அவள் புருசன் இளையதம்பி சைக்கிளில் வந்து இறங்கினார். சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு முறைப்பாடு சொன்னார்.

“வெள்ளிக்கிழமையிலை இருந்து மனுசி படுத்தா எண்டால் குறட்டைதான். எனக்கு இப்ப நித்திரை இல்லை. உதுக்கும் ஏதாவது கடிதம் எழுதலாமோ?”

கலிஸ்ராவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அன்றைக்கே மாத அறிக்கையை எடுத்து, முன்னேற்றம் என்ற இடத்தில், ‘அனுப்பாத கடித முறையால் மூன்றாம் நாளே பூரண நித்திரை’ என்று எழுதி, பூரண என்பதற்குக் கீழே கோடும் போட்டாள். அந்தக் கோடு கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

அறிக்கை மல்லாவியில் இருந்த மேற்பார்வையாளருக்குப் போன அடுத்த நாள், எட்டாவதாக ஒரு கடிதத்தைப் போட ரின்னைத் திறந்தாள். உள்ளே கடிதம் ஒன்றுகூட இல்லை. எழுதிய துண்டுத் தாள் ஒன்று மட்டும் கிடந்தது.

‘வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்துள்ளது. கண் ஒப்பரேசனுக்குப் போகிறேன். உங்கள் கடிதங்கள் ஏழையும் எடுத்துப் போகிறேன். முத்திரை என் பொறுப்பு. யோசிக்க வேண்டாம். இங்ஙனம், சி. முத்துலிங்கம்.’

கலிஸ்ரா கதிரையில் இருந்துவிட்டாள். முத்துலிங்கம் அதே ஊரில் இருந்த பெரியவர். வன்னியில் அந்த நாட்களில் தபால் என்பது மனிதரின் பைதான். யாருக்காவது சாவடி தாண்டி ஆமியின் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போகப் பாஸ் என்கிற அனுமதிச் சீட்டுக் கிடைத்தால், போகும் முன் ஊர் முழுக்கச் சுற்றிக் கடிதம் பொறுக்கிக்கொண்டு போவார்கள். விலாசம் எழுதி ஒட்டிய கடிதத்தைக் கண்டும் விட்டுவிட்டுப் போவது பெரிய பாவம். கொட்டிலுக்குக் கதவும் இல்லை. எல்லாம் தன்னுடைய பிழைதான் என்று அவளுக்கு விளங்கியது. இங்கே பேசுவது ஒன்றும் வெளியே போகாது என்று ஒவ்வொருவருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்தவள் அவள். இப்போது அது முத்திரை குத்தி வெளியே போகிறது.

முத்துலிங்கம் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு கண்ணைப் பச்சைத் துணியால் மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கலிஸ்ரா சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவர் கையை உயர்த்தி மறித்தார்.

“நன்றி சொல்ல வேண்டாம் பிள்ளை. மனுசருக்கு மனுசர் செய்யிறதுதானே. ஒரு கடிதத்தாலைதான் சாவடியிலை கொஞ்சம் சுணக்கம். வலது கால், முல்லைத்தீவுக் கடற்கரை எண்டு விலாசம். ஆர் இந்த வலது கால் எண்டு ஆமிக்காரன் கேட்டான்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“எங்கடை பக்கம் உப்பிடியும் பேர் வைக்கிறவை எண்டனான்.”

“கொட்டிலுக்கை கடிதம் கிடக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒரு ஆள் சொன்னது. ஆர் எண்டு கேளாதையும். நானும் இரகசியம் காக்கிற ஆள்தான்.”

கலிஸ்ரா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிழையை ஒப்புக்கொண்டாள். வின்சன் விழுந்து விழுந்து சிரித்தான். “கால் பதில் போட்டால் எனக்கும் காட்டுங்கோ அக்கா” என்றான். அம்மனுக்கு எழுதியவள், கடிதம் போனதே நல்லது, இனியாவது அம்மனுக்கு உறைக்கட்டும் என்றாள். மற்ற நாலு பேரும் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஆனால் கமலாசனியிடம் மட்டும் வாய் வரவில்லை. முதல் தரம் போனபோது கமலாசனி முகம் தெளிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதையும் வைத்து, ஒடியல் கூழ் வார்த்துக் கொடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குடித்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டாம் தரம் போனபோது ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் தந்தாள். வெள்ளரிக்காயோடு திரும்பிவந்தாள்.

அதற்குப் பிறகு கலிஸ்ராவுக்குத்தான் நித்திரை போயிற்று. இலட்சுமி அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதினால்? தாயும் இல்லை, ஊரும் இல்லை, கமலாசனிக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு அக்காதான். அவளையும் பிரித்துவைத்த பாவம் யாருக்கு? யோசிக்க யோசிக்க உள்ளங்கை எரியத் தொடங்கியது. சத்தியமாக எரிந்தது.

மாத முடிவில் மேற்பார்வையாளர் சிற்றம்பலம் ஐயா மல்லாவியிலிருந்து சைக்கிளில் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். சேர்ட் பொக்கற்றில் மூன்று நிறப் பேனை. அறிக்கையைத் தட்டிக்கொண்டு, “அருமை. இதை அடுத்த கூட்டத்திலை எல்லாருக்கும் வாசிக்கப் போறன்” என்றார்.

“ஐயா, அந்தக் கடிதம் போயிட்டுது.”

“ம்” என்றார் ஐயா.

“தபாலிலை போயிட்டுது ஐயா. உண்மையாப் போயிட்டுது.”

“ம். நீங்கள் அதைப் பற்றிக் கொஞ்சம் பதட்டப்படுறியள் போல கிடக்கு.”

கலிஸ்ராவுக்கு மனுசனைக் கதிரையோடு தூக்கி எறியலாம் போல வந்தது. ஒரு “ம்” ஒரு ஆளுக்கு என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. முழுக்கதையும் கேட்டு முடித்ததும் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். ‘ம்’ நின்றுவிட்டது.

“அந்த அம்மாவிட்டை நீங்களே சொல்லவேணும். சொல்லிப்போட்டு எனக்கு எழுத்திலை தாங்கோ. இந்த நிலையத்தை இனி வைச்சிருக்கிறதோ எண்டு பிறகு யோசிப்பம்.”

அடுத்த செவ்வாய் கமலாசனி தானாகவே வந்தாள். கலிஸ்ரா துண்டை மடித்து மடித்து விரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

“அம்மா, நான் உங்களுக்குப் பெரிய பிழை விட்டிட்டன். உங்கடை கடிதம் உங்கடை அக்காவுக்குப் போயிட்டுது. முத்துலிங்கத்தார் எடுத்துக்கொண்டு போயிட்டார். நான் ரின்னைப் பூட்டி வைச்சிருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கண்ணைத் திறந்து பார்த்தாள். கமலாசனி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் கலிஸ்ரா முதலில் நினைத்தாள்.

“ஐயோ பிள்ளை, அந்த மனுசன் ஏழையும் எடுக்கும் எண்டு நான் கண்டனானே? என்ரையை மட்டும் எடுங்கோ எண்டுதான் சொல்லிவிட்டனான்.”

“நீங்களோ?”

“பின்னை? மூண்டு தரம் வாசிச்ச கடிதத்தை ரின்னுக்கை போட்டு மூடினால் எனக்கு எரிவு நிக்குமோ? நீர் போடமாட்டீர் எண்டு தெரியும். முத்துலிங்கத்தாரிட்டைக் கேட்டால், ஒண்டை மட்டும் எடுத்தால் மற்ற ஆறு பேருக்கும் அநியாயம் எண்டு யோசிச்சிருக்குது மனுசன். வெள்ளிக்கிழமை விடிய அவர் பையோடை சைக்கிளிலை போறதைப் படலையடியிலை நிண்டு பாத்தனான். அண்டைக்குத்தான் படுத்தனான்.”

மூன்றாம் நாளே பூரண நித்திரை. கோடும் போட்டுக் கொடுத்த நித்திரை. கலிஸ்ராவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இவ்வளவு நாளும் எரிந்த கையைப் பார்த்தாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் சிரிப்புத்தான் வென்றது.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? நான் எத்தினை நாள் நித்திரை இல்லாமல் கிடந்தனான்! சிற்றம்பலம் ஐயா நிலையத்தையே மூடப் பாக்கிறார்.”

“நீர் வந்து வந்து ஒண்டும் சொல்லாமல் கூழ் குடிச்சிட்டுப் போனீர். நான் என்னத்தைக் கண்டன்? உம்மடை வாத்தியாருக்கு நான் சொல்லுறன், அது என்ரை வேலை எண்டு.” கமலாசனி மடியிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “நேற்று ஆள் மூலம் வந்தது. நான் உடைக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. நீர் வாசியும்.”

கலிஸ்ரா உறையை மெல்லக் கிழித்தாள். இலட்சுமியின் எழுத்துப் பெரிது, கோபம் பிடித்த எழுத்து.

‘கமலம், பாவாடையை உடுத்தது நான்தான். உனக்கு அந்த நிறம் எடுக்கவில்லை, அதனால்தான் உடுத்தேன்.’

“பாரும், கள்ளி” என்றாள் கமலாசனி.

‘அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உனக்குப் பாஸ் கிடைக்காது, சொல்லி என்ன பயன் என்று எல்லோருக்கும் சாட்டுச் சொன்னேன். அது பொய். அம்மாவுக்குக் கடைசியில் கண் தெரியவில்லை. கமலம் வந்துவிட்டாளா, கமலம் வந்துவிட்டாளா என்று ஒரே கேள்வி. ஏழு நாள் கேட்டா. எட்டாம் நாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஓம் அம்மா, நான் கமலம்தான், வந்துவிட்டேன் என்று சொன்னேன்.’

கலிஸ்ரா நிறுத்தி, கமலாசனியைப் பார்த்தாள். மேலே வாசியும் என்று கமலாசனி கையைக் காட்டினாள்.

‘அம்மா என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தா. உனக்குத்தான் என் கையைத் தெரியுமே. நல்லாய்க் கொழுத்திருக்கிறாய் பிள்ளை, அங்கே சாப்பாடு இல்லை என்று சொன்னாங்களே, அதெல்லாம் பொய்தான் என்று சொல்லிச் சிரித்தா. பிறகு மூன்று நாளும் நான் நீயாகத்தான் இருந்தேன். உன் வயலைப் பற்றிக் கேட்டா, நல்ல விளைச்சல் என்று சொன்னேன். கையை விடாமல்தான் போனா. இலட்சுமி எங்கே என்று அந்த மூன்று நாளும் ஒருக்காலும் கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் உனக்கு எழுதவில்லை கமலம். எழுதினால் இதையும் எழுத வேண்டும். இப்போது நீ கேட்டுவிட்டாய், எழுதிவிட்டேன்.’

கலிஸ்ராவுக்கு எழுத்து மங்கியது. துணை தேடி வருகிறவருக்கு முன்னால் அழக்கூடாது என்று படித்தவள்தான். படித்தது கிடக்கட்டும் என்று அழுதாள். துண்டைக் கமலாசனிக்கு நீட்டாமல் தானே எடுத்துத் துடைத்தாள்.

கமலாசனி தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பும் நரம்பும் தெரிகிற கைகள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. ஆனால் அவள் அதைத் துடைக்கவில்லை.

“அப்ப நான் கொழுத்து, நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு, அம்மான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருந்திருக்கிறன்” என்றாள். “இரண்டு வருசமா எனக்கு இது தெரியாமல் போச்சே பிள்ளை.”

கலிஸ்ரா “ம்” என்று சொல்லவில்லை. எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.